ஒழுக்கத்துக்குத் தொண்ணூற்றைந்து

எங்கள் உதைபந்தாட்டக் கழகம் முன்னாள் வீரர்களைப் பற்றி முகநூலில் போடத் தொடங்கியபோது பெண்கள் அணியை மறந்துவிட்டது. நான் கேட்ட பிறகுதான் என்னுடையது வந்தது. பழைய படம், ஆடிய இடம் இடது ஓரம், அதற்குக் கீழே திறமைப் புள்ளிகள். வேகம் அறுபது. பந்தைக் கடத்திப் போதல் ஐம்பத்தைந்து. தலையால் அடித்தல் எழுபது. ஒழுக்கம் தொண்ணூற்றைந்து.

என் தையல் கடையில் பள்ளிச் சீருடைகள் குவிந்து கிடந்த நேரம் அது. மெஷினை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேகத்துக்கு அறுபது போட்டதுகூட அவ்வளவு சுடவில்லை. ஆடிய காலம் முழுவதும், உயரப் பந்து வந்தால் குனிந்துவிடுவேன். என்னோடு ஆடிய எல்லாருக்கும் அது தெரியும். தலையடிக்கு எழுபதாம். ஒழுக்கம் அதைவிட மோசம். கல்குடாவில் நடந்த ஒரு போட்டியில், என் சட்டையைப் பிடித்து இழுத்தவளைத் தள்ளி விழுத்திச் சிவப்பு அட்டை வாங்கியவள் நான்.

கணவரிடம் காட்டினேன். நல்லாத்தானே போட்டிருக்கிறார்கள், ஊரோடு சண்டை எதற்கு என்றார். ஞாயிறு பூசை முடிந்ததும் அதே சேலையோடு கழகக் கூட்டத்துக்குப் போனேன்.

புள்ளிகளைப் போட்டவர் கழகச் செயலாளர், என்னைவிட மிகவும் இளையவர். எழுந்து கதிரை தந்தார். புள்ளி குறைவென்றால் கூட்டிவிடலாம், சின்ன வேலைதான் என்றார்.

“கூட்டச் சொல்லி வரல்ல தம்பி. எங்கட மெச் ஒண்டாவது பாத்திருக்கீங்களா எண்டு கேக்க வந்தன்.”

அவர் பார்த்ததில்லை. அங்கிருந்த எவரும் பார்த்ததில்லை. மாலையில் மைதானம் ஆண்களுக்கு. உச்சி வெயிலில்தான் எங்களுக்கு. மேய வந்த மாடுகள்தான் பார்த்தன. பெண்கள் ஒழுக்கமாகத்தான் ஆடியிருப்பார்கள் என்று நினைத்துப் போட்டாராம். சொல்லும்போதே அவருக்குக் குரல் இறங்கிவிட்டது.

அதைச் சமாளிக்க, ஆண்டு விழாவில் நடக்கும் மூத்தோர் ஆட்டத்துக்குப் பரிசு கொடுக்க வரும்படி அழைத்தார். பரிசு கொடுக்க மாட்டேன், இடது ஓரத்தில் ஆடுகிறேன் என்றேன். சிலர் சிரித்தார்கள். ஒரு காலத்தில் வலது பின்வரிசையில் பெயரெடுத்தவர் ஒருவர் அங்கிருந்தார். எனக்கு அடிபட்டால் கழகத்துக்குத்தான் கெட்ட பெயர் என்றார் அவர்.

“அடிபட்டா என்ர கால்தானே அண்ணன். நீங்களே எனக்கு முன்னுக்கு நில்லுங்க. ஆடி முடிச்சு மறுகா கதைப்பம்.”

ஆட்டத்தன்று அவரே எனக்கு எதிரில் நின்றார். எனக்கு வந்த முதல் பந்தைச் சுலபமாகப் பறித்தார். அடுத்ததையும் பறித்தார். கோட்டுக்கு வெளியே நின்றவர்கள் என் வயதைச் சொல்லிக் கத்தினார்கள். முழங்கால் வலித்தது, மூச்சு நெஞ்சிலேயே நின்றது. கால்கள் பழைய கால்கள் இல்லை. ஆனால் எதிரில் நிற்பவர் எந்தக் காலில் பாரம் போடுகிறார் என்று பார்க்கும் கண் அப்படியே இருந்தது. இடைவேளைக்குப் பிறகு, அவர் உள்ளே சாய்ந்தபோது பந்தைக் கோட்டோரமாகத் தட்டிவிட்டு அதன் பின்னாலேயே ஓடினேன். அவர் திரும்புவதற்குள் பந்தை நடுவே தூக்கிப் போட்டேன். எங்கள் ஆள் அதைக் கம்பத்துக்கு மேலால் அடித்தார். கோல் இல்லை. ஆட்டத்திலும் தோற்றோம்.

செயலாளர் கைபேசியோடு வந்து வேகத்துக்கு எண்பத்தைந்து போடட்டுமா என்று கேட்டார்.

“வேணாம். தலையடிக்குப் பத்து போடுங்க, அதுதான் உண்மை. ஒழுக்கத்த எடுத்திருங்க. என்னோட ஆடின மத்த ஆக்களையும் போடுங்க. புள்ளிய நாங்க சொல்றம்.”

கைபேசியில் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் எங்கள் கோல் காப்பாளரின் படம் வந்தது. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள்.

முழங்கால் வீங்கிக் கிடந்தது. கணவர் எண்ணெய் பூசிவிட்டார். சனிக்கிழமைகளில் மூத்தோர் பயிற்சி நடக்கும். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. வீக்கம் வற்றியதும் கடையைப் பூட்டிவிட்டு, சப்பாத்தை எடுத்துக்கொண்டு நானே போய் இடது ஓரத்தில் நின்றேன்.