ஜமீலாத்தாவின் இடது மணிக்கட்டு

வெள்ளிக்கிழமை மதியம் மட்டாஞ்சேரி கடைத்தெருவில் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். பள்ளுருத்தியிலிருந்து செல்வி அக்கா போனில் அழுதார்.

"ஜமீலாத்தா போயிட்டாங்கடா. மத்தி மீன் கழுவிக்கிட்டு இருந்தவங்க அப்படியே சாஞ்சுட்டாங்களாம்."

"சும்மா இருங்கக்கா. அவங்களை ஒரு லாரியே ஒண்ணும் பண்ண முடியல, மத்தியா பண்ணிடும்?" என்று சிரித்தேன். அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. தோளில் இருந்த மூட்டை தானாகக் கீழே போய்விட்டது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மட்டாஞ்சேரி, தோப்பும்படி, பள்ளுருத்தி மூன்றையும் கோத்து எழுத்தும் வாய்க்கால் சோதனையும் கற்றுத்தரும் நம் பக்கத்துக்கரை வகுப்பைத் தொடங்கியவர், இஞ்சிக் கிடங்கில் வேலை பார்த்த இந்த ஜமீலாத்தாதான். அதிகாரிகள் வந்தால் இதை வாழ்நாள் கல்வி என்பார்கள். அவர் "சாவுற வரைக்கும் படிப்பு" என்பார். சட்டம் ஒன்றே ஒன்று. எந்த ஊரும் தன் வாய்க்காலைத் தானே சோதிக்கக் கூடாது. மட்டாஞ்சேரியைப் பள்ளுருத்தி வந்து மோந்து பார்க்கும். தோப்பும்படியை மட்டாஞ்சேரி. பள்ளுருத்தியைத் தோப்பும்படி. நிறம், நாற்றம், செத்து மிதப்பது என்று மூன்று வரி எழுதி, மாதக் கூட்டத்தில் அந்த ஊர்க்காரர்கள் முகத்துக்கு நேராக வாசிக்க வேண்டும். அடிதடி இல்லாமல் இருக்குமா?

நான் பார்த்த முதல் கூட்டத்திலேயே ரத்தம். ஜமீலாத்தா தோப்பும்படி பற்றி இரண்டு வரிதான் வாசித்திருந்தார். ஒரு வலைக்காரர் நாற்காலியைத் தூக்கி எறிந்தார். ஜமீலாத்தாவின் நெற்றி கிழிந்து நோட்டில் சொட்டியது. முந்தானையால் அழுத்திக்கொண்டு, "எடா, மூணாவது வரியையும் கேட்டுட்டு அடி. பாதியில அடிச்சா பாதிதானே புரியும்?" என்றார். எறிந்த ஆள் அடுத்த மாதம் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பள்ளுருத்திக்குத் தண்ணீர் எடுக்கப் போனார்.

ஆனால் பெரிய அடி அதற்கு முன்பே விழுந்துவிட்டது. ஒரு விடியற்காலை செல்வி அக்கா எங்கள் வாய்க்காலைச் சோதிக்க வந்திருந்தார். விருந்தாளிக்குச் சாயா கொண்டு ஜமீலாத்தாவும் வந்தார். அங்கே கக்கூஸ் தொட்டித் தண்ணீரை ஒரு டேங்கர் லாரி வாய்க்காலில் கொட்டிக்கொண்டிருந்தது. செல்வி அக்கா போய்க் குழாயைப் பிடித்து இழுத்தார். லாரியிலிருந்து கெட்ட வார்த்தை வந்தது, கல் வந்தது, பிறகு முகத்தில் துண்டு கட்டிய ஒருவன் இரும்புக் கம்பியோடு குதித்தான். ஓங்கியது செல்வி அக்காவின் தலைக்கு. ஜமீலாத்தா நடுவில் கையை நீட்டினார். இடது மணிக்கட்டு முறிந்தது. வழுக்கிய கம்பி செல்வி அக்காவின் முன்பல்லை எடுத்துக்கொண்டு போனது.

இதுவரை எல்லோருக்கும் தெரியும். துண்டு கட்டியவன் நான்.

இரண்டு வாரம் கழித்துக் கடைத்தெருவில் யாரையோ கிண்டல் செய்து சிரித்துக்கொண்டிருந்தேன். மாவுக்கட்டுப் போட்ட கையோடு ஜமீலாத்தா முன்னால் வந்து நின்றார்.

"லாரியில இருந்து குதிக்கும்போதும் இதே சிரிப்புதானே சிரிச்சே?"

எனக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும். "போலீஸுக்குப் போறீங்களா ஜமீலாத்தா?" என்றேன்.

"உன்னைக் கொடுத்தா நாளைக்கு அந்தக் கம்பியை இன்னொருத்தன் பிடிப்பான். ஞாயித்துக்கிழமை வகுப்புக்கு வா. செல்விகிட்ட நீயே சொல்லு. நான் சொல்லமாட்டேன்."

வகுப்புக்கு வந்தேன். மூன்றாம் வகுப்போடு விட்ட எழுத்தை மறுபடி பிடித்தேன். லாரி எங்கெங்கே கொட்டும் என்று கூட்டத்தில் சொன்னேன். பழைய கூட்டாளிகள் என்னைச் சந்தில் தள்ளி, இரண்டு விலா எலும்பை உடைத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த ஜமீலாத்தா என் கட்டைத் தடவிவிட்டு, "இதோட தீர்ந்துச்சுன்னு நினைக்காதே. செல்விகிட்ட சொன்னியா?" என்றார்.

சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, "அக்கா, அந்த ஜன்னலைச் சாத்துங்க, காத்து வருது" என்று அவருடைய ஓட்டைப் பல்லைக் கிண்டல் செய்தேன். அவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். ஜமீலாத்தா மட்டும் சிரிக்கமாட்டார். கோணலாகக் கூடிப்போன மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்ப்பார். ஏழு வருஷம் பார்த்தார்.

அவர் ஜனாஸாப் பெட்டியை நானும் நாலு அடி தோளில் சுமந்தேன். அந்தக் கை எந்தப் பக்கம் இருக்கும் என்பது தவிர வேறெதுவும் மனதில் ஓடவில்லை.

மணிக்கட்டில் கம்பி பட்ட சத்தமும், "நீயே சொல்லு" என்ற ஒரு சொல்லும்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை. சத்தம் சாகும்வரை என்னோடு இருக்கும். சொல்லை இன்றே இறக்கி வைக்கிறேன்.

மட்டாஞ்சேரியைப் பற்றிய எதையும் பள்ளுருத்திதான் வாசிக்க வேண்டும். அதனால் இந்தத் தாளை மடித்து, இந்த இரங்கல் கூட்டத்துக்கு முன்னாலேயே படிக்க வேண்டாம் என்று சொல்லி, செல்வி அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். அக்கா, நடுவில் நிறுத்தாதீர்கள். கடைசி வரியையும் வாசித்துவிட்டு அடியுங்கள். முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். முகத்தில் துண்டு இல்லை.