பொட்டு அடைத்த வேலி

என் வாழ்நாளில் இரண்டு காணித் தரகர்களை வீடு கூட்டுகிற தும்புத்தடியால் அடித்திருக்கிறேன். முதல் அடி பிழையான ஆளுக்கு விழுந்தது. வீடு விற்க வேண்டும், நல்ல தரகர் யாரையாவது தெரியுமா என்று சொந்தக்காரர்கள் இப்போதும் என்னிடம் கேட்பதுண்டு. எனக்கு முதலில் அந்தத் தும்புத்தடி ஞாபகம் வரும், பிறகு வேலி.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை திரும்பத் தொடங்கியபோது நாங்கள் கொக்குவிலில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்தோம். எனக்குச் சீதனமாக வந்த வீடு அது. அடுத்த வளவில் என் பெரியப்பாவின் மகன் இருந்தார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அண்ணை என்று வாய் நிறையக் கூப்பிட்டது அவர் ஒருவரைத்தான். இரண்டு வளவுக்கும் நடுவில், கிளுவைக் கொம்புகளைக் கதியாலாக நட்ட வேலி. அதில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு பொட்டு விட்டிருந்தது. எங்கள் பக்கத்து வேலிகளில் அப்படி ஒரு திறப்பு இருக்கும். கறி போகும், கதை போகும், பிள்ளைகள் போவார்கள்.

ரயில் நின்றதும் ஊரே தண்டவாளத்தைக் கழற்றிப் பங்கர் கட்டியது. அண்ணையும் பொட்டுக்கு அந்தப் பக்கம், மேட்டில், தண்டவாளம் அடுக்கி மண்மூடை போட்டு ஒரு பங்கர் கட்டினார். குண்டு போடுகிற பொம்மர் வந்தால் இரண்டு குடும்பமும் அதற்குள்தான். என் கணவரும் குசினிக்குப் பின்னால் ஒரு கிடங்கு வெட்டினார். அது முதல் மழைக்கே கிணறாகிவிட்டது. அதில் தவளைதான் உயிர் தப்பும்.

எங்களுக்கு ஒரே மகள், அப்போது எட்டு வயது. ஹெலிச் சத்தம் கேட்டாலே நின்ற இடத்தில் அவளுக்குச் சலம் போய்விடும். சோறு வாயில் வைத்தபடி இறங்காமல் இருப்பாள். ராத்திரி பகல் என்றில்லாமல் என் சீலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு திரிவாள். இந்த வீட்டை விற்றுப்போட்டு வட்டுக்கோட்டைப் பக்கம், வயல் வெளியோடு ஒரு சின்ன வீடு வாங்கிப் போய்விட வேண்டும் என்று முடிவெடுத்தேன். அங்கேயும் குண்டு விழாது என்றில்லை, இங்கே போல விழாது. பிள்ளைக்கு அந்தச் சத்தம் கொஞ்சம் தூரத்தில் கேட்டாலே போதும் என்றிருந்தது.

அதற்கிடையில் வேலிச் சண்டை வந்தது. ஆவணியில் வேலி அடைக்கும்போது அண்ணை கதியால்களை ஒரு சாண் எங்கள் பக்கமாகத் தள்ளி நட்டார். "இதுதான் எங்கடை ஐயாவின்ரை எல்லை, உன்ரை கொப்பர்தான் முந்தித் தள்ளி நட்டவர்" என்றார். செத்துப்போன என் அப்பாவைக் கள்ளன் என்றதும் எனக்குக் கண் தெரியவில்லை. விடிய எழும்பி, அவர் நட்டதையெல்லாம் பிடுங்கிப் பழைய இடத்திலேயே நட்டேன். அவர் கத்தியோடு வந்தார். மறிக்கப் போன என் கணவருக்கு முழங்கைக்குக் கீழே வெட்டு விழுந்தது. நான் கையில் இருந்த கதியாலால் அண்ணையின் வாயில் அடித்தேன். முன்பல் இரண்டு உடைந்து என் காலடியில் விழுந்தது. வானத்திலிருந்து குண்டு கொட்டுகிற காலத்தில் நாங்கள் ஒரு சாண் மண்ணுக்கு இரத்தம் சிந்திக்கொண்டிருந்தோம். வெட்கம் அப்போது வரவில்லை.

அதற்குப் பிறகு பெரியவர்கள் யாரும் பொட்டால் போகவில்லை. பொம்மர் வந்தால் நாங்கள் வீட்டுச் சுவரோடு ஒட்டிப் படுத்தோம். மகள் மட்டும் பழக்க தோஷத்தில் பொட்டால் ஓடி மாமாவின் பங்கருக்குள் போய்விடுவாள். அவர்களும் அவளைத் துரத்தவில்லை. எனக்கு இது தெரியும். தெரியாதது போல இருந்தேன்.

முதலில் வந்த தரகர் அரியாலைக்காரர். மெலிந்த மனிதர், பழைய சைக்கிள், கைப்பிடியில் ஒரு குடை. வீட்டைச் சுற்றி வந்து குறை மட்டும் சொன்னார். கூரை வளையில் கறையான், கிணறு கோடையில் உவர்க்கும், குசினிச் சுவர் வெடித்திருக்கிறது. பிறகு அடுத்த வளவில் இருப்பது யார் என்று கேட்டுவிட்டு வேலியைப் பார்த்தார். பிடுங்கி நட்ட கதியால் துளிர்க்காமல் காய்ந்து நின்றது அவருக்குக் கதையைச் சொல்லிவிட்டது.

"பிள்ளை, முதலிலை சேவையரைக் கூப்பிட்டு எல்லையை அளவுங்கோ. தமையனோடை கதைச்சுத் தீருங்கோ. வாங்க வாறவனுக்கு நான் உந்தச் சண்டையை ஒளிக்க மாட்டன்."

"நீங்கள் எனக்குத் தரகரோ, அண்ணைக்குத் தரகரோ?"

"வீட்டுக்குத் தரகர்" என்றார். "பொட்டை விட்டு வையுங்கோ. ஷெல்லடிக்கிற காலத்திலை பக்கத்து வளவும் வீட்டிலை சேர்த்திதான்."

"அவரின்ரை வளவு எனக்கு வேண்டாம்."

"உங்கடை கோபத்தை விக்கிறதுக்கு நான் ஆளில்லை, பிள்ளை."

மூலையில் சாத்தியிருந்த தும்புத்தடியை எடுத்தேன். முதுகில் ஒன்று விழுந்தது. அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாமவர் வெள்ளை வேட்டியும் சந்தனப் பொட்டுமாக வந்தார். கலியாணத் தரகும் காணித் தரகும் அவரே. ஒரே பையில் ஒரு பக்கம் சாதகங்கள், மறு பக்கம் காணி உறுதிகள். எங்கள் ஊரில் பெண்ணோடு வீடும் போவதால் இரண்டு தொழிலும் ஒன்றுதான். அவர் வீட்டைப் பார்த்து, "தங்கச்சி, இது இலட்சுமி குடியிருக்கிற வீடு" என்றார். குளிர்ந்து போனேன். வீடு வாங்க ஆளும் கையில் வைத்திருந்தார். கனடாவில் இருக்கிற மாப்பிள்ளைக்குக் கொக்குவிலில் வீடு வேண்டுமாம். அவன் ஒரு நாளும் வந்து இருக்கப் போவதில்லை. ஆனாலும் வேண்டுமாம். பெண்ணின் தகப்பன் அலைந்துகொண்டிருந்தார்.

"பொட்டு ஒண்டு கிடக்குது, தங்கச்சி. பாக்கிறவை வழிப் பாத்தியதை இருக்கோ எண்டு கேப்பினம். கதை கிளம்பும். உந்தப் பொட்டை அடைச்சு விடுங்கோ. புது வேலி நிண்டால் வீடே புதுசாத் தெரியும்."

அன்று பின்னேரமே தொடங்கினேன். கணவர் வெட்டுப்பட்ட கையோடு வந்து நின்றார். "இஞ்சரும், அதை மட்டும் விடும். பிள்ளை அதாலைதான் ஓடுறவள்."

"விக்கிற வரைக்கும்தானே" என்றேன்.

இரண்டு கதியால் நட்டு, முள்ளுக்கம்பி ஐந்து வரி இழுத்து, மேலே பனையோலை வைத்துக் கட்டினேன். கம்பி கிழித்து உள்ளங்கையில் இரத்தம் வந்தது. அடுத்த பக்கத்தில் அண்ணை நின்று பார்த்துக்கொண்டிருந்தது ஓலை இடுக்கால் தெரிந்தது. இன்னும் இறுக்கிக் கட்டினேன்.

மூன்றாம் நாள் காலை பெண்ணின் தகப்பனைக் கூட்டிக்கொண்டு தரகர் வந்தார். கணவர் வேலைக்குப் போயிருந்தார். மகள் முற்றத்தில் நின்றாள். "பக்கத்து வளவு ஆர்?" என்று வந்தவர் கேட்டார். "சொந்தத் தமையன்தான், தங்கமான மனிசன், ஒரு கரைச்சலும் இல்லை" என்றார் தரகர்.

வேலிக்கு அந்தப் பக்கம் கதியால் சீவிக்கொண்டிருந்த அண்ணைக்கு அது கேட்டுவிட்டது. கத்தியோடு வேலியருகே வந்து சத்தம் போட்டார். "ஓம், தங்கமான மனிசன்தான்! என்ரை ஒரு சாண் காணியையும் சேர்த்து விக்கிறாள், கேட்டு வாங்குங்கோ!"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் பொம்மரின் இரைச்சல் வந்தது. தாழப் பணிந்து வந்து தலைக்கு மேலே வட்டமடித்தது. முதல் குண்டு ரயில் பாதைப் பக்கம் விழுந்தது. ஓடுகள் சரிந்தன, யன்னல் கண்ணாடி முற்றத்தில் கொட்டியது. வாசலை நோக்கி ஓடிய மகளைத் தரகர் தோளில் பிடித்துத் தள்ளி விழுத்திவிட்டு உள்ளே பாய்ந்தார். பெண்ணின் தகப்பன் அவருக்குப் பின்னால். பிள்ளை எழும்பி நேரே பொட்டுக்கு ஓடினாள்.

பொட்டு அங்கே இல்லை.

அவள் ஓலையைப் பிய்த்தாள். உள்ளே கம்பி. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு "மாமா, மாமா" என்று குழறினாள். என்னைக் கூப்பிடவில்லை. நான் ஓடிப்போய் அவளை இழுத்தேன். கம்பியைப் பிடித்த கையை அவள் விடவில்லை. சட்டையெல்லாம் இரத்தம். பொம்மர் இரண்டாம் முறை பணியத் தொடங்கியது.

அண்ணை பங்கர் வாசலில் நின்றவர் திரும்பி ஓடி வந்தார். கத்தியால் கதியாலை வெட்டினார். ஓலை பறந்தது. கம்பியை வெறுங்கையால் தூக்கிப் பிடித்து, பிள்ளையைத் தலைமயிரில் பிடித்து அந்தப் பக்கம் இழுத்தார். "விடடி! பிள்ளையை விடடி!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். முன்பல் இல்லாத வாய். நான் விட்டேன். அவர் அவளைப் பங்கருக்குள், முதலே இறங்கியிருந்த அண்ணியின் மேல், ஒரு மூடையை எறிவது போல எறிந்தார். பிறகு உள்ளே போகாமல் திரும்பி வேலிக்கு வந்தார். எனக்கு வழி பெரிதாக்க மற்றக் கதியாலை வெட்டத் தொடங்கினார்.

இரண்டாம் குண்டு தூக்கி எறிந்த நான் கிணற்று வாய்க்காலுக்குள் கண் விழித்தபோது காதில் ஒரு சத்தமும் இல்லை. வேலி இருந்த இடத்தில் புகை. பங்கர் நின்றது. அண்ணை வேலியடியில் குப்புறக் கிடந்தார். முதுகு இருக்கவில்லை. கத்தி மட்டும் கையோடு இருந்தது. நான் நட்ட கதியாலில் பாதி வெட்டுப்பட்டிருந்தது. பங்கருக்குள்ளிருந்து அண்ணி என் மகளின் கண்களை இரண்டு கையாலும் பொத்தியபடி வெளியே வந்தாள். தன் கண்களைப் பொத்த அவளிடம் வேறு கை இருக்கவில்லை.

அந்த வேலி அன்று திறந்து கிடந்திருந்தால், பிள்ளை ஒரு பாய்ச்சலில் உள்ளே போயிருப்பாள். நானும் போயிருப்பேன், சண்டையும் மண்ணாங்கட்டியும் என்று. அண்ணை பங்கர் வாசலை விட்டு வந்திருக்கத் தேவையில்லை. இதை நான் யாரிடமும் மழுப்பிச் சொல்வதில்லை. அண்ணையைக் கொன்றதில் அந்தப் பொம்மருக்கு ஒரு பங்கு, எனக்கு ஒரு பங்கு.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் சந்தனப் பொட்டுத் தரகர் வந்தார். துக்கம் விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி, ஒரு விதத்திலை இனி வில்லங்கம் இல்லை. தாய்தகப்பனும் புருசனும் இல்லாத மனிசி, வேலியிலை நிண்டு என்ன சண்டை பிடிக்கப் போறா? அந்தச் சாணையும் சேர்த்துப் பேசலாம்" என்றார்.

தும்புத்தடி அதே மூலையில்தான் இருந்தது. அடித்தேன். முகத்தில், முதுகில், பையில். சாதகங்களும் உறுதிகளும் சேற்றில் சிதறின. வாசல் படலையடியில் விழுந்து எழும்பி ஓடும்வரை அடித்தேன். தடி முறிந்த பிறகு கையால் அடித்தேன். கணவர் என்னைக் கட்டிப் பிடித்து நிறுத்தினார். அடித்தது அவரை மட்டும் இல்லை என்று கணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் சைக்கிளில் அரியாலைக்குப் போனேன். மெலிந்த தரகர் என்னைக் கண்டதும் முதலில் என் கையைப் பார்த்தார், தடி இருக்கிறதா என்று. நடந்ததைச் சொன்னேன். "சேவையரோடை நாளைக்கு வாறன்" என்றார்.

அளந்தார்கள். அண்ணை நட்ட இடம்தான் எல்லை. என் அப்பாதான் ஒரு சாண் தள்ளி நட்டிருக்கிறார். சேவையர் சங்கிலியை மடிக்கும்போது அண்ணி பக்கத்தில் நின்றாள். நான் அவள் காலைப் பிடித்தேன். அவள் என்னைத் தூக்கவுமில்லை, உதறவுமில்லை.

அந்தப் பெண்ணின் தகப்பனே திரும்பி வந்து வாங்கினார். அரியாலைத் தரகர் அவரிடம் கறையானைச் சொன்னார், உவரைச் சொன்னார், வேலியடியில் ஒரு மனிதன் செத்ததைச் சொன்னார், ஏன் செத்தான் என்பதையும் சொன்னார். நான் பக்கத்தில் இருந்து முழுவதையும் கேட்டேன்.

வட்டுக்கோட்டை வீட்டையும் அவர்தான் பார்த்துத் தந்தார். போய் இறங்கிய நாள் நான் கூரையைப் பார்த்தேன், கிணற்றை எட்டிப் பார்த்தேன். மகள் உள்ளே வரவில்லை. கையில் கட்டுத் துணியோடு வளவைச் சுற்றி வேலியோரமாக நடந்தாள். ஓலையை ஓரிடத்தில் தள்ளிப் பார்த்தாள், பிறகு இன்னோரிடத்தில். ஒரு சுற்று முடித்துத் தரகரிடம் வந்து நின்றாள்.

"இஞ்சை பொட்டு எங்கை?" என்று கேட்டாள்.

என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. தரகர் குடையைக் கீழே வைத்துவிட்டு அவளுடைய கட்டுப் போட்ட கையைப் பிடித்து, கிழக்கு வேலியில் ஓலை சாத்தி வைத்திருந்த பொட்டடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.