பச்சைக்குத் தடை

என் நெஞ்சுக்குள் ஓர் உலோக வால்வு இருக்கிறது. சுற்றிலும் சத்தம் அடங்கினால், அது டிக் டிக் என்று அடிப்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். எண்பதுகளின் கடைசியில் கோலாலம்பூரில் ஆப்பரேஷன் செய்து பொருத்தினார்கள். அதில் ரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளாமல் இருக்க, தினமும் ரத்தத்தை இளக்கும் மாத்திரை. "கீரை விஷயத்துல கவனமா இருங்க, மாத்திரையோட வேலையைக் குறைச்சிடும்" என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். சொன்னது என்னிடம். பிடித்துக்கொண்டது என் வீட்டுக்காரர்.

ரயில்வேயில் சிக்னல் வேலை அவருக்கு. ஊருக்கெல்லாம் பச்சை காட்டுகிற மனிதர், என் தட்டில் பச்சையைக் கண்டால் மட்டும் பதறினார். கீரை போயிற்று, கொத்தமல்லி போயிற்று. பாசாரில், சந்தையில்தான், ஒருநாள் தேங்காய்ப்பாலில் பச்சை மாவு இழைகள் மிதக்கும் செண்டோல் கேட்டேன். "அதுவும் பச்சைதானே லா" என்றார். அது வெறும் பாண்டான் இலை நிறம் என்று சொல்லிப் பார்த்தேன். ம்ஹூம். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் நின்ற முருங்கையையும் வெட்டிச் சாய்த்தார். அது விடுமா? அடிக்கட்டை துளிர்த்துக்கொண்டே இருந்தது. வேலைக்குக் கிளம்புமுன் போய்த் துளிரையெல்லாம் கிள்ளிப் போட்டுவிட்டு வருவார். எனக்கு எரிச்சலாக வரும். பயந்து கிடக்கிறவரிடம் என்ன சண்டை போடுவது?

சில வருடம் போனது. குளியலறை வாசலில் லேசாக இடறிக் கையை ஊன்றினேன், மணிக்கட்டு முறிந்துவிட்டது. எலும்பு டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்த வயசுக்கு எலும்பு இவ்வளவு மெலிஞ்சிருக்கக் கூடாதே ஆன்டி. கீரையெல்லாம் சாப்பிடுறீங்களா?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

கீரையில் இருக்கிற ஒரு சத்து எலும்புக்கும் வேண்டுமாம். இந்த மாத்திரை அந்தச் சத்தோடுதான் மல்லுக்கட்டுகிறதாம். "மாத்திரையாலதான் மெலிஞ்சதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. அதை நிறுத்திடாதீங்க. ஆனா கீரையை ஒரேயடியா விட வேணாம். ஹார்ட் டாக்டர்கிட்ட கேட்டுட்டு, வாராவாரம் ஒரே அளவா சாப்பிடுங்க" என்றார்.

"அடைச்சிக்காதா டாக்டர்?" வீட்டுக்காரர் என் நெஞ்சைக் காட்டிக் கேட்டார்.

"அளவு மாறாம, ரத்தத்தை டெஸ்ட் பண்ணிக்கிட்டே இருந்தா பயமில்ல அங்கிள்."

மறுநாள் காலையில் அவர் துளிரைக் கிள்ளவில்லை. என் கைக்கட்டைப் பிரிப்பதற்குள் மரம் இலை விட்டுவிட்டது. ஹார்ட் டாக்டரும் சரி என்றதும், பால் டின் ஒன்றைக் கழுவி அளவுக்கு வைத்துக்கொண்டார். அவரே இலையை உருவி, அவரே பருப்புப் போட்டுச் சமைத்தார். உப்பு தூக்கல்தான். இருந்தால் என்ன, எத்தனை வருடத்து ஆசை! வழித்துச் சாப்பிட்டேன். மனசு நிறைந்துவிட்டது.

நிமிர்ந்து பார்த்தால், அவர் இன்னும் தன் தட்டில் கை வைக்கவில்லை. எழுந்து போய் ரேடியோவை நிறுத்தினார். காற்றாடியையும் நிறுத்தினார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார்.

டிக். டிக். டிக்.

"ஓடுதுங்க. சாப்பிடுங்க" என்றேன்.

அப்புறம்தான் கீரையைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். அத்தனை வருடமும் அவர் வாயிலும் கீரை பட்டதில்லை.