உக்கடத்தில் பதினான்கு நாள்

போன வாரம் அக்கா மகனின் ரத்தப் பரிசோதனைக்காக இங்கே கிள்ளானில் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். தாதி பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து அவன் கையில் தேய்த்தாள். வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், என் கை தானாகப் போய் வயிற்றைப் பொத்திக்கொண்டது. "சித்தி, ஊசி எனக்குத்தான்" என்று சிரித்தான் பையன். அவனுக்கென்ன தெரியும்?

தொண்ணூறுகளில் நான் மலேசியாவிலிருந்து வந்து பெங்களூரில் படித்துக்கொண்டிருந்தேன். முதல் வருடம் என் விடுதி அறையில் இருந்த நூர்ஜஹான், அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகவே, சொந்த ஊரான கோயம்புத்தூர்க் கல்லூரிக்கு மாறிவிட்டாள். இரண்டு நாள் வந்து இருந்துவிட்டுப் போ என்று எழுதினாள். ஒரு சனிக்கிழமை விடியலில் உக்கடத்தில் அவள் வீட்டு வாசலில் நின்றேன். அவளுடைய அம்மா, "வாங்க கண்ணு, சாப்டீங்களா?" என்றார். என்னை யாரும் அதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

குளத்தைப் பார்க்கப் போனோம். நூர்ஜஹானின் சிநேகிதி சுமதியும் வந்தாள். கரையில் ஒரு டீக்கடை, கடையடியில் காது கிழிந்த செவலை நாய். மனிதர்கள் இத்தனை மரியாதையாகப் பேசும் ஊரில் நாய் மட்டும் என்ன செய்துவிடும் என்று பக்கத்தில் போனேன். கெண்டைக்காலில் இரண்டு பல் இறங்கியது.

அந்தக் காலத்தில் நாய்க்கடி என்றால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி, தினம் ஒன்று. ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார்: "நாயைக் கவனிச்சுட்டே இருங்க. பத்து நாள் நல்லா இருந்துச்சுன்னா ஊசிய நிறுத்திக்கலாம்."

ஊசி முடியும்வரை நூர்ஜஹான் வீட்டிலேயே தங்கிவிட்டேன். அப்புறம் நான் வாழ்ந்தது மனித வாழ்க்கையே இல்லை. காலையில் எழுந்ததும் ஒரு தம்ளர் தண்ணீரை எடுத்து உற்றுப் பார்ப்பேன். வெறிநாய்க்கடி முற்றினால் தண்ணீரைக் கண்டாலே பயம் வருமாம். பயமாக இருக்கிறதா? பிறகு ஒரு மடக்கு. தொண்டை அடைக்கிறதா? எச்சில் ஊறினால்கூட நெஞ்சு பதறும். ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து அப்பாவுக்குப் பேசும்போது, "பரீட்சைப்பா, படிக்கிறேன்" என்று புளுகினேன். வயிறு கல்லாக வீங்கியிருந்தது.

ஒரே ஆறுதல், தோழிகள் இருவரும் தினம் நாயைப் பார்த்துவிட்டு வந்து சொல்வதுதான். "இருக்குது புள்ள, இன்னைக்கு ரெண்டு பன்னு தின்னுச்சு" என்பாள் சுமதி. அந்த நாயின் பசிக்காக நான் அத்தனை சாமியையும் கும்பிட்டேன்.

பத்தாம் நாள் ஊசிக்கு வரமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அதுதான் நாய் நல்லா இருக்கேம்மா!"

நூர்ஜஹானின் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "இருந்தா இருந்துட்டுப் போகுதுங் கண்ணு. ஆரம்பிச்சதை முடிச்சுப்போடலாம், வாங்க." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனார். கல்நெஞ்சுக்காரி என்று மனதுக்குள் திட்டினேன்.

பதினான்கும் முடிந்து பெங்களூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற நூர்ஜஹான் திடீரென்று அழுதாள்.

"நாய மூணாம் நாளே காணோம் புள்ள. எங்கெங்கயோ தேடுனோம். சொன்னா நீ பயத்துலயே செத்துப்போயிருவேன்னு அம்மாதான் சொல்ல வேண்டாம்னுச்சு."

பின்னால் நின்ற அம்மா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்தியிருந்தார். என்னைவிட அதிகமாகப் பயந்துபோயிருந்த முகம் அது. மூன்று பேரும் அத்தனை நாளும் என் முன்னால் சிரித்திருக்கிறார்கள். வண்டி கிளம்பிவிட்டது.

அதன்பின் மாதக்கணக்கில், வாரம் தவறாமல் நூர்ஜஹானிடமிருந்து ஒரு கார்டு வரும். நலமா, உடனே பதில் போடு. அவ்வளவுதான். நானும் அன்றே எழுதிப் போடுவேன். படிப்பு முடிந்தது, நான் ஊர் திரும்பினேன், அவளுக்குக் கல்யாணம் ஆனது. கடிதம் நின்றுபோனது.

இரண்டு வருடம் முன்பு கோயம்புத்தூர் போயிருந்தபோது உக்கடத்தில் அவள் வீட்டைத் தேடினேன். மேம்பாலத் தூண்கள் நின்றன. பக்கத்துக் கடைக்காரர், "அவங்கெல்லாம் காலி பண்ணிப் போயி ரொம்ப வருசமாச்சுங்க" என்றார். எங்கே போனார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. நலமா என்று கேட்டு ஒரு வரி எழுத என்னிடம் முகவரி இல்லை.