வைத்துக்கொண்டு தட்டியவர்கள்

மனோ அக்கா இறந்த செய்தி ஒரு படமாக என் கைபேசிக்கு வந்தது. மெழுகுதிரி, ரோசாப்பூ, நடுவே அக்கா. அனுப்பியது எங்கள் பகுதி விளையாட்டுக் கழகம். டொமினோப் போட்டியொன்றில் வென்ற அன்று எடுத்த பழைய படம். பக்கத்தில் நின்றவரை வெட்டியிருந்தார்கள். அதையும் சரியாகச் செய்யவில்லை. ஓரத்தில் ஒரு சட்டைக் கை மிஞ்சியிருந்தது.

அது ஹனிபா நானாவின் கை. எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. அருவருப்பு.

அக்காவைத் தெரிந்தவர்களுக்கே இதை எழுதுகிறேன். ஓர்ஸ் ஹில்லில் எங்கள் பக்கத்து வீடு. துறைமுகத்தில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மணம் முடிக்கவில்லை. ஹனிபா நானா குடாவுக்கு அக்கரையில் இருக்கும் மூதூர்க்காரர், இழுவைப்படகின் சுக்கானியாக இருந்தவர், மனைவியை இழந்தவர். கழகத்து மேசையில் இருவரும் ஒரு சோடி. அவர்களை வெல்வது கடினம். இருவருக்கும் தொடர்பு என்ற அந்தக் கதை தோற்றவர்களிடமிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும்.

பல்கலைக்கழக விடுமுறை ஒன்றில், டொமினோ என்ற சொல்லைப் பற்றிப் படித்ததை அக்காவிடம் ஒப்புவித்தேன். ஐரோப்பாவில் முகமூடியோடு அணிந்த கறுப்பு அங்கிக்கு அந்தப் பெயர் இருந்தது. இந்தக் காய்களுக்கும் அதே பெயர். பின்னர், ஒரு நாடு விழுந்தால் அடுத்ததும் விழும் என்று பயமுறுத்திய அரசியலுக்கும் அது ஒட்டிக்கொண்டது.

"விழுத்துறதுக்கு என்னத்துக்கடா விளையாட்டு?" என்றார் அக்கா. "ஒண்டோட ஒண்டு பொருந்துதோ எண்டு பாக்கிறதுதானே இது."

"அப்ப முகமூடி?"

"அது கழகத்தில கனபேரிட்ட இருக்கு. பேர்தான் எனக்குத் தெரியாமல் கிடந்தது."

விளையாட்டின் விதி எளியது. மேசையில் கிடக்கும் வரிசையின் ஏதாவதொரு முனையிலுள்ள புள்ளிகளுக்குப் பொருந்தும் காய் கையில் இருந்தால் வைக்க வேண்டும். இல்லையென்றால் மேசையில் தட்டி முறையை விட வேண்டும். "இல்லாட்டித் தட்டு, அதில வெக்கமில்லை," என்பார் அக்கா. "வைச்சுக்கொண்டு தட்டாதை. அது கள்ளவேலை."

கழகக் கூட்டத்தில் நடந்ததை அவரே எனக்குச் சொன்னார். வெளியூர்க்காரர் இனி விளையாடக்கூடாது என்று செயலாளர் தீர்மானம் கொண்டுவந்தார். வெளியூர்க்காரர் என்று இருந்தது ஒருவர்தான்.

"இது உங்கட நல்லதுக்குத்தான் அக்கா. சனம் கதைக்குது."

"எந்தச் சனம் தம்பி? இதில இருக்கிற சனமோ?"

இருவருக்கும் இடையே விளையாட்டைத் தவிர ஒன்றுமில்லை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். இருந்திருந்தாலும் அவர்களுக்கென்ன. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அக்கா மேசையில் தட்டினார். "எல்லாரும் தட்டிட்டியள். சரி." காய்களைப் பிஸ்கட் தகரத்தில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

பிறகு, மூதூர்ப் படகு வரும் இறங்குதுறையில், பட்டப்பகலில், ஊர் பார்க்க விளையாடினார்கள். சோடியாக இருந்தவர்கள் எதிராளிகளானார்கள்.

"என்னெத் தோக்கடிக்கத்தான் இவ்வளவு தூரம் வரச் சொல்றீங்க," என்பார் நானா.

"நீங்கள் கப்பலைப் பாத்துக்கொண்டு காய் வைச்சால் நான் என்ன செய்ய?"

செத்தவீட்டில் அதே செயலாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "எங்கள் கழகத்தின் தாய்" என்றார். குரல் தழுதழுத்தது. வேண்டிய இடத்தில் நின்றது. ஹனிபா நானா கடைசிக் கதிரையிலிருந்து எழுந்து வந்தார். சட்டைக் கை அல்ல, முழு மனிதர்.

"தம்பி, நானும் ரெண்டு வார்த்தை சொல்லட்டா?"

"நேரம் போகுது நானா. பெட்டி எடுக்க வேணும்."

நேரம் இருந்தது. அதன்பிறகு கழகத்தார் அக்காவின் தகரத்தைத் திறந்து, காய்களைச் சவப்பெட்டிக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினார்கள். அஞ்சலிக் காணொளியாம். ஒருவர் கைபேசியைப் பிடிக்க, இன்னொருவர் முதற் காயைத் தள்ளினார். பாதியில் நின்றுவிட்டது.

"திருப்பி அடுக்கு மச்சான். கிட்டக் கிட்ட வை."

இரண்டாம் முறை எல்லாம் விழுந்தன. கைதட்டப் போன ஒருவர் இடம் நினைவு வந்து கையை மடக்கினார்.

காய்களை அப்படியே விட்டுப் போனார்கள். நானா நிலத்தில் குந்தியிருந்து பொறுக்கினார். நானும் குந்தினேன்.

"என்ன சொல்ல நினைச்சனீங்கள் நானா?"

"மனோவப் பத்தின கதை பொய் எண்டு. எல்லாருக்கும் தெரியும்தான். ஒருக்கா மைக்கில சொன்னா நல்லம் எண்டு நினைச்சன்."

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்குக் கழகம் என்னிடம் ஒரு பக்கம் கேட்டது. "பிரச்சினை இல்லாமல் நல்லதா நாலு வரி எழுதுங்கோ தம்பி." நான் எழுதியது இது. அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆகவே இங்கே.

தகரம் நானாவிடம் இருக்கிறது. அது இருக்க வேண்டிய இடம் அதுதான். அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு விதியை மட்டும். கையில் காய் இருந்தது: மனோ அக்காவைப் பற்றிய கதை பொய், பரப்பியவர்களுக்கும் அது தெரியும்.

வைத்துவிட்டேன். இனி உங்கள் முறை.