உப்புத் தண்ணீரில் வந்த காற்று

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் காலையில் வாளி நிரம்பும்போதே குழாய்த் தண்ணீரின் பிளீச்சிங் பவுடர் வாசனை வீட்டுக்குள் பரவிவிடும். அம்மா அதை "ஆஸ்பத்திரி நாத்தம்" என்பாள். எனக்கு அது அப்பாவின் கடைசிக் குளிர்காலத்தின் வாசனை. பொங்கல் கரும்பில் ஒரு துண்டு பால்கனியில் மிச்சமிருந்தது, குடியரசு தின ஒத்திகைக்காகச் சாலைகளை மறித்திருந்தார்கள் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நான் சொல்லும் நாள் 1996 ஜனவரியின் பின்பாதியில் வந்திருக்க வேண்டும்.

அப்பாவுக்கு நுரையீரலில் நோய். கட்டிலருகே நின்ற ஆக்சிஜன் சிலிண்டரின் முள் அன்று மதியம் சிவப்புக்கு இறங்கிவிட்டது. மாற்று சிலிண்டர் கொண்டுவர வேண்டியவர் ஒத்திகைக் கூட்டத்தில் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தார். அம்மா தொலைபேசியில் சிலிண்டர் கடைக்காரரை "பையா, ஜல்தி" என்று இந்தியில் திரும்பத் திரும்ப அவசரப்படுத்திக்கொண்டிருந்தாள். குளிருக்காகப் பள்ளி மூடியிருந்ததால், எட்டாம் வகுப்பு அக்காவும் வீட்டில்தான் இருந்தாள்.

"தண்ணியிலேயே ஆக்சிஜன் இருக்குப்பா. கரண்ட் விட்டா பிரிஞ்சு வந்துடும்," என்றாள் அக்கா.

"அச்சா! அப்போ யமுனையையே பிரிச்சுடு," என்றார் அப்பா, மூச்சுக்கு மூச்சு நிறுத்தி. டிரான்சிஸ்டரிலிருந்து சதுர பாட்டரியை அவரே கழற்றிக் கொடுத்தார்.

இருபுறமும் சீவிய இரண்டு பென்சில்கள், கொஞ்சம் ஒயர், ஒரு கண்ணாடி டம்ளர். பள்ளியில் தண்ணீரில் சில சொட்டு அமிலம் விட்டுத்தான் செய்து காட்டியிருந்தார்கள். வீட்டில் அதற்கு எங்கே போவது என்று அக்கா சமையல் உப்பை அள்ளிப் போட்டாள். இரண்டு பென்சில் முனைகளிலும் குமிழிகள் கிளம்பின. "கம்மியா வர்றதுதான் ஆக்சிஜன்," என்று பாடத்தை நினைவுபடுத்திக்கொண்டு, தண்ணீர் நிரப்பிய ஊசிமருந்துக் குப்பியை அந்த முனையின் மேல் கவிழ்த்துப் பிடித்தாள். கை விறைத்துப்போயும் அவள் பிடியை மாற்றவில்லை. உப்பு சேர்ந்தால் அந்தப் பக்கம் ஆக்சிஜனுக்குப் பதில் பெரும்பாலும் குளோரின்தான் வரும் என்பதை நான் பல வருடங்கள் கழித்துப் படித்தேன்.

குப்பியை விரலால் மூடி எடுத்துப்போய் அப்பாவின் மூக்கருகே திறந்தாள். அவர் ஆழமாக இழுத்தார். உடனே இருமல் பிடித்துக்கொண்டது, நிற்கவில்லை.

"ஏண்டி, என்னத்தைடி காட்டினே? ஜல்தி கொண்டுபோய்க் கொட்டு!" என்று அம்மா ஓடிவந்தாள்.

இருமலுக்கு நடுவே அப்பா கையை உயர்த்தி அவளைத் தடுத்தார். "திட்டாதே. நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் நம்ம குழாய்த் தண்ணி வாசனை, அவ்வளவுதான்."

இருட்டுவதற்குள் சிலிண்டர் வந்துவிட்டது. ஹோலிக்கு முன்பே அப்பா போய்விட்டார். அன்று நடந்ததற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அக்காவிடம் அதை யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. பாட்டரி டிரான்சிஸ்டருக்குத் திரும்பியது. அக்கா பதினொன்றாம் வகுப்பில் காமர்ஸ் எடுத்தாள்.

அந்தக் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். ஜனக்புரியில் இப்போது நானிருக்கும் வீட்டில் வடிகட்டி வைத்திருக்கிறேன். தண்ணீரில் எந்த வாசனையும் வருவதில்லை. அக்கா வந்தால், டம்ளரை வாங்கியதும் முதலில் முகர்ந்துவிட்டுத்தான் குடிக்கிறாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.