தோளுக்குப் பின்னால் நின்றவன்

முதலில் வந்தது வாசனை. சிலிபின் வட்டாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தபோது, ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகைபோடும் கொட்டகையின் நெடி மூக்கில் ஏறியது. நாங்கள் பிறந்த தோட்டத்தில் அப்படியொரு கொட்டகை இருந்தது. இப்போது அங்கே எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைதான் நிற்கிறது. தங்கை வசந்தாவிடம் கேட்டேன். "ஒரு வாடையும் இல்லியேக்கா. மூக்கக் கழுவு லா," என்றாள்.

ஒரு வாரம் கழித்து நெடியோடு ஓர் ஆளும் வந்தான். இடது தோளுக்குப் பின்னால் நிற்பான். திரும்பினால் சுவர்தான் இருக்கும். ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நான் அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்று அவன் காத்திருப்பது எனக்குத் தெரியும்.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: எனக்கு அவனைப் பிடித்திருந்தது.

முப்பது வருடங்களாக மாயக்கதைகள் எழுதுகிறேன். என் கதைகளில் வில்லன் கிடையாது. தப்பு செய்கிறவன் யாராக இருந்தாலும், முதலில் அவன் வாயாலேயே அவன் தரப்பு நியாயத்தை ஒரு பக்கம் எழுதுவேன். அது வராதவரை அவனைக் கதைக்குள் விடமாட்டேன். "அப்ப யார்மேலதான் தப்பு?" என்று வாசகர்கள் எரிச்சலோடு கேட்பார்கள். நான் பெருமையாகச் சிரிப்பேன். பின்னால் நின்றவனோ நல்லவனா கெட்டவனா என்றே தெரியவில்லை. எனக்கு விட மனமில்லை.

ஒருநாள் பாசாரில் மீனைக் கையில் வைத்துக்கொண்டு சிலையாக நின்றுவிட்டேனாம். வசந்தா இழுத்துக்கொண்டு போனாள். ஈ.ஈ.ஜி (மூளையின் மின்னோட்டப் பதிவு) எடுத்தார்கள்.

"ஆன்ட்டி, இது பேயும் இல்ல, பைத்தியமும் இல்ல. ஃபோக்கல் சீஷர்," என்றார் டாக்டர். மூளையின் ஒரு பகுதியில் மட்டும் எழும் வலிப்பாம். "அந்த வாடை, ஆள் நிக்கிற மாதிரி இருக்கிறது, எல்லாம் அதுதான். மாத்திர தர்றேன், காலைல ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. நீங்களா நிறுத்திடாதீங்க. அப்புறம் பெருசா வரும்."

மாத்திரை வேலை செய்தது. பத்து நாளில் நெடி போனது, அவனும் போனான். மேசைக்கு முன் உட்கார்ந்தால் அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். பாதி எழுதிய நாவல் அசையவில்லை.

மாத்திரைகளைத் தாளில் சுருட்டிக் குப்பையில் போட ஆரம்பித்தேன். நான்காம் நாள் அவன் வந்துவிட்டான். மளமளவென்று எழுதினேன்.

ஆறாம் நாள் மத்தியானம் சோறு வடிக்கப் போனேன். நெடி வந்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது தரையில் கிடந்த பானையும் வசந்தாவின் அலறலும்தான். கொதிக்கிற கஞ்சி அவள் வலது கையில் கொட்டியிருந்தது. அவள் தையல்காரி. அந்தக் கைதான் எங்கள் வீட்டுச் சோறு.

"நோவு செஞ்சதுக்கு நீ என்னக்கா பண்ணுவே?" என்றாள் வார்டில், கட்டுப்போட்ட கையோடு.

பாவி, நான் உண்மையை மறைத்துவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்கு வந்து, வழக்கம்போல என் தரப்பை எழுத உட்கார்ந்தேன். ஒரே மூச்சில் வந்தது. இத்தனை வருடத்தில் அவ்வளவு நன்றாக எதையும் எழுதியதில்லை. படித்துப் பார்த்தபோது நானே அதை நம்பிவிட்டேன். வலிப்புக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி வார்டுக்குப் போனேன்.

"வசந்தா, மாத்திரைய நாந்தான் நிறுத்துனேன். வேணும்னே. என்மேலதான் தப்பு."

"தெரியும். குப்பைய நாந்தானே கொட்டுறேன்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ரெண்டாவது நாளே."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ எழுதிக்கிட்டு இருந்தே. ரொம்ப நாளைக்கு அப்புறம் மூஞ்சி தெளிவா இருந்துச்சு. கேக்க வாய் வரலக்கா." இருவரும் அழுதோம். பக்கத்துக் கட்டில் மலாய்க்கார அம்மா எழுந்துவந்து தண்ணீர் கொடுத்தார்.

இதே மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்களே, தயவுசெய்து விழுங்கிவிடுங்கள். நான் இப்போது காலையும் மாலையும் விழுங்கிவிட்டு, குழந்தை மாதிரி வாயைத் திறந்து வசந்தாவிடம் காட்டுகிறேன். அவள் விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை. நாவல் அப்படியே கிடக்கிறது.

அன்று மத்தியானத்தில் இரண்டு நிமிடங்கள் என்னிடம் இல்லை. அப்போதும் என் உடம்பு நடந்திருக்கிறது, பானையைத் தூக்கியிருக்கிறது. பேசவும் செய்ததாம். என்ன பேசினேன் என்று போன வாரம் கேட்டேன். வசந்தா இடது கையால் ஊசியில் நூல் கோக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அத உனக்குச் சொல்ல மாட்டேன்க்கா," என்றாள். "நீ எழுதிருவே."